ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்: பழைய புல்லட்டில் வந்து போகும் மின்கோளாறைப் பிடிப்பது எப்படி

பத்து கிலோமீட்டர் ஒழுங்காக ஓடிய வண்டி, மேம்பாலத்து ஏற்றத்தில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். ஓரங்கட்டி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முதல் கிக்கிலேயே கிளம்பும். மெக்கானிக் கடை வாசலில் சாதுவாக நிற்கும். கடைக்காரர் முதல் முறை பிளக்கை மாற்றுவார், அடுத்த முறை காயிலை, அதற்கடுத்த முறை பாயிண்ட் செட்டை. மூன்றும் மாறிய பிறகும் அதே பாலத்தில் அதே இருமல்.

காரணம் எளிது. கோளாறு இல்லாத நேரத்தில் சோதித்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். வந்து போகும் மின்கோளாறில் செய்ய வேண்டிய முதல் வேலை, அதை நாமே வரவழைப்பது. சூடு, அதிர்வு, வளைவு, ஈரம் என்ற நான்கில் எது அதை எழுப்புகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி தூரம் வந்தாயிற்று. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: முப்பது வருட வண்டியில் பாகம் கெடுவதைவிட, பாகத்தோடு ஒயர் சேரும் இடம் கெடுவதுதான் அதிகம்.

இங்கே எடுத்துக்கொள்வது திருவொற்றியூரில் தயாரான வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350: 12 வோல்ட் பேட்டரி, நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ந்தது), பாயிண்ட் (எஞ்சின் சுற்றச் சுற்றத் திறந்து மூடும் சுவிட்ச்), கண்டன்சர் (பாயிண்ட் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் அடக்குவது), காயில் (பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தருவது). 6 வோல்ட் வண்டியாக இருந்தால் கீழே வரும் வோல்ட் அளவுகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் எர்த் உள்ள மிகப் பழைய வண்டியில் மீட்டரின் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றிப் பிடிக்க வேண்டும். எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்ட வண்டிக்குப் பாயிண்ட் பற்றிய பகுதி பொருந்தாது. ஒயரிங் பற்றியது அப்படியே பொருந்தும்.

ஸ்பேனருக்கு முன் ஒரு நோட்டு

நின்ற ஒவ்வொரு தடவையும் இவற்றை எழுதி வையுங்கள்: கிளம்பி எத்தனை நிமிடம் ஆயிற்று, மழையா வெயிலா, ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, பள்ளத்தில் விழுந்ததா, பிரேக் பிடித்தபோதா, ஹெட்லைட் எரிந்ததா, எஞ்சின் படிப்படியாகத் திணறி நின்றதா, சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நின்றதா.

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். சட்டென்று செத்து, ஹாரனும் சேர்ந்து போனால் அது பிரதான இணைப்பு. 20 நிமிடம் ஓடிய பிறகு மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டுவிட்டு இருமுவது) ஆரம்பித்து, ஆறினால் சரியானால் கண்டன்சர் அல்லது காயில். இடப்பக்கம் திருப்பினால் மட்டும் வந்தால், ஃபோர்க் கழுத்தில் வளையும் ஒயர்க் கட்டு. பிரேக் பிடிக்கும்போது வந்தால், பிரேக் லைட் ஒயர் எங்கோ மட்கார்டில் உரசிக்கொண்டிருக்கிறது.

மின்சாரத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால், உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்குவது நிற்கும். 15 நிமிடம் ஓடி நின்று, சற்று நேரத்தில் மறுபடி ஓடும் அடையாளம் அப்படியே கண்டன்சர் கோளாறு மாதிரியே இருக்கும். திறந்ததும் உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால், காயில் வாங்கவிருந்த காசு மிச்சம்.

கையில் இருக்க வேண்டியவை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்த டெஸ்ட் லேம்ப். இரு முனையிலும் கிளிப், நடுவில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் உள்ள ஒரு மீட்டர் நீள ஜம்பர் ஒயர். பாயிண்ட் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபில்லர் கேஜ். நல்லதென்று உறுதியாகத் தெரிந்த கண்டன்சர் ஒன்று. தலைமுடி உலர்த்தும் டிரையர், தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில். இவ்வளவு போதும்.

ஆம்பியர் மீட்டர் சொல்லும் கதை

பழைய புல்லட்டின் தலையில் இருக்கும் அந்தச் சின்ன ஆம்பியர் மீட்டரைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். வழியில் நின்றுபோனால் அதைவிட நல்ல கருவி இல்லை. வண்டி நின்றதும் எதையும் ஆட்டாதீர்கள், கழற்றாதீர்கள். லைட்டுகளை மட்டும் அணைத்துவிட்டு, சாவி போட்டபடியே ஹாரனை அழுத்துங்கள். பிறகு டீகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல, பல முறை கீழே தள்ளியபடி முள்ளைப் பாருங்கள். காயிலின் பிரைமரி (பேட்டரி மின்சாரம் ஓடும் சுற்று) சுமார் 3 முதல் 4 ஓம். ஆகவே பாயிண்ட் மூடியிருக்கும்போது 3 முதல் 4 ஆம்பியர் ஓடும். முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். இதை வைத்து நான்கு நிலைகளைப் பிரிக்கலாம்.

ஹாரன் இல்லை, முள்ளும் அசையவில்லை: மின்சாரம் பேட்டரியைத் தாண்டி வரவேயில்லை. பேட்டரி முனை, எர்த் கேபிள், ஃப்யூஸ், ஆம்பியர் மீட்டரின் பின்பக்க நட்டுகள், சாவி சுவிட்ச் என்ற வரிசையில் தேடுங்கள்.

ஹாரன் முழுச் சத்தத்தில் அடிக்கிறது, முள் மட்டும் நடுவிலேயே நிற்கிறது: இக்னிஷன் கிளையில் மட்டும் தொடர்பு அறுந்திருக்கிறது. பாயிண்ட் முகத்தில் எண்ணெய் அல்லது கரி, காயிலுக்கு வரும் ஒயர், காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் ஒயர், காயிலின் பிரைமரி ஆகியவை சந்தேகத்தில் வரும்.

முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்து அங்கேயே நிற்கிறது, எத்தனை முறை கிக்கரைத் தள்ளினாலும் திரும்பவில்லை: பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது திறந்தும் மின்சாரத்துக்கு வேறு வழி கிடைத்திருக்கிறது. உள்ளே ஷார்ட்டான கண்டன்சர், பாயிண்டை எஞ்சின் உடம்பிலிருந்து பிரித்து வைக்கும் ஃபைபர் வாஷர் உடைந்தது, உடம்பில் படும் பாயிண்ட் ஒயர் மூன்றுமே இதைச் செய்யும்.

முள் ஒழுங்காகச் சாய்ந்து திரும்புகிறது, ஆனாலும் வண்டி கிளம்பவில்லை: பிரைமரி தன் வேலையைச் செய்கிறது. பிளக், பிளக் கேப், ஹெச்டி ஒயர் (காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த ஒயர்), உள்ளே தொடர்பு அறுந்த கண்டன்சர், காயிலின் செகண்டரி (உயர் வோல்டேஜ் சுற்று), இல்லாவிட்டால் பெட்ரோல்.

கிக்கரோடு முள் ஆடுகிறதா இல்லையா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடம் கடையில் மூன்று நாள் தேடுவதை மிச்சப்படுத்தும். ஆனால் பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டுவிட்டு அரட்டை அடிக்கப் போகாதீர்கள். காயில் சும்மா சூடாகிக்கொண்டே இருக்கும், பேட்டரியும் இறங்கும்.

அந்த மீட்டரே கோளாறாகவும் இருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் அதன் பின்னாலுள்ள இரண்டு போல்ட்டுகள் வழியாகத்தான் போகிறது. நட்டு சற்றே தளர்ந்தாலும் பள்ளத்தில் விழும்போது வண்டி முழுக்கச் செத்து, அடுத்த குலுக்கலில் உயிர் வரும். ஹெட்லைட்டைத் திறப்பதற்கு முன் பேட்டரி முனையைக் கழற்றிவிடுங்கள். ஸ்பேனர் ஒரு பக்கம் அந்த போல்ட்டிலும் மறு பக்கம் இரும்பிலும் பட்டால் பொறி பறக்கும். சந்தேகம் தீர, இரண்டு ஒயரையும் ஒரே போல்ட்டில் சேர்த்து முடுக்கி, மீட்டர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம்.

ஜம்பர் போட்டு இரண்டாகப் பிரிப்பது

கோளாறு சில நொடி மட்டும் வந்து மறைந்தால், முள்ளைப் பார்க்க அவகாசம் கிடைக்காது. அப்போது ஃப்யூஸ் உள்ள ஜம்பரைப் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து நேராகக் காயிலின் சப்ளை முனைக்குப் போட்டு, அதே சாலையில் ஓட்டுங்கள். மிஸ்ஸிங் போய்விட்டால் கோளாறு ஃப்யூஸ், மீட்டர், சாவி சுவிட்ச், ஒயரிங் ஆகியவற்றில் எங்கோ இருக்கிறது. ஜம்பரோடும் அதே இருமல் வந்தால் அவற்றையெல்லாம் மறந்துவிட்டு, காயில், கண்டன்சர், பாயிண்ட், பிளக் பக்கம் மட்டும் தேடுங்கள். எஞ்சின் எர்த்தையும் மறக்க வேண்டாம். ஜம்பர் இருக்கும்வரை சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் அணையாது. கிளிப்பை உருவத்தான் வேண்டும், அல்லது டீகம்ப்ரஷன் லீவரை இழுக்க வேண்டும். கிளிப்பைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

மீட்டரின் பீப் சத்தத்தை நம்பாதீர்கள்

ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் பீப் வருகிறது, ஆகவே ஒயர் நல்லது என்று முடிவுகட்டுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் பீப் வரும். மீட்டர் அனுப்புவது துளியளவு மின்சாரம். காயில் கேட்பது 3 ஆம்பியருக்கு மேல். களிம்பு பிடித்த ஒரு இணைப்பில் வெறும் அரை ஓம் தடை இருக்கிறதென்று வையுங்கள். மீட்டரில் அது கண்ணில் படாது. ஆனால் 3 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 1.5 வோல்ட் போய்விடும். பேட்டரி கொஞ்சம் இறங்கிய நாளில் அதுதான் மிஸ்ஸிங்.

ஆகவே சுமை ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். லைட்டுகளை அணைத்து, சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும்வரை கிக்கரை மெல்லத் தள்ளுங்கள். இப்போது பாயிண்ட் மூடியிருக்கிறது. இதைச் செய்யாமல் அளந்தால் மின்சாரமே ஓடாது, எல்லா இடத்திலும் பூஜ்யம் காட்டும், எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் (பேட்டரியின் ஈய முனையிலேயே, போல்ட்டில் அல்ல) கறுப்பைக் காயிலின் சப்ளை முனையிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் கறுப்பை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள்: சுவிட்சிலிருந்து வெளிவரும் முனை, சுவிட்சுக்குள் போகும் முனை, ஆம்பியர் மீட்டரின் இரண்டு போல்ட், ஃப்யூஸின் இரு பக்கம். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் எண் சட்டென்று குறைகிறதோ, கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில்.

அடுத்தது எர்த் பக்கம். சிவப்பை எஞ்சின் ஃபின்னில் சுரண்டிய இடத்திலும் கறுப்பைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. மூன்றாவது, பாயிண்ட். காயிலிலிருந்து பாயிண்ட் ஒயர் கிளம்பும் முனையில் சிவப்பு, எஞ்சின் உடம்பில் கறுப்பு. மூடிய நிலையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பாயிண்ட் முகம் அழுக்கு அல்லது அதன் ஒயர் பழுது.

கோளாறு வந்து போகும் ரகம் என்பதால் எண்ணைப் பார்த்தவுடன் மீட்டரை எடுத்துவிடாதீர்கள். கிளிப் மாட்டி, இன்னொருவரை எண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். சாவியைச் சுவிட்சுக்குள் ஆட்டுங்கள். ஒயர்க் கட்டை ஒரு சாணுக்கு ஒரு இடமாகப் பிடித்து வளையுங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் ஃப்யூஸ் ஹோல்டரைத் தட்டுங்கள். எண் தாவும் இடம்தான் நீங்கள் தேடிய இடம். ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை சாவியை அணைத்துக் காயிலுக்கு ஓய்வு கொடுக்கவும்.

கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் உள்ள வண்டியில் ஃப்யூஸை எடுத்துத் தனியாகவும் பாருங்கள். கம்பி அறுந்து தெரியாது. ஆனால் பித்தளை மூடிக்குள் பற்றவைத்த இடம் அதிர்வில் விட்டிருக்கும். விரலால் முறுக்கினால் தெரியும். ஹோல்டரின் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான்.

சூட்டில் வருவது: கண்டன்சரும் காயிலும்

இரண்டும் சூட்டில் கெட்டு ஆறினால் பிழைப்பவை. அதனால் ஒன்றுக்குப் பதில் மற்றதை மாற்றுவது சகஜம். பிரித்துக் காண வழி இருக்கிறது.

எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கும்போது பாயிண்ட் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பாயிண்ட் முகங்களுக்கு நடுவே கண்ணில் குத்தும்படி நீல வெள்ளைப் பொறி தொடர்ந்து பறந்தால் கண்டன்சர் செத்துக்கொண்டிருக்கிறது. லேசான சின்னப் பொறி இயல்பு. பாயிண்டில் ஒரு முகத்தில் மேடும் எதிர் முகத்தில் குழியும் சீக்கிரமே விழுவதும் கண்டன்சரைத்தான் காட்டும். இந்த வகை கண்டன்சர் சுமார் 0.2 மைக்ரோஃபாரட். மீட்டரில் அந்த வசதி இருந்து ஆறிய நிலையில் சரியான எண் வந்தாலும் அதை நிரபராதி என்று விட்டுவிடாதீர்கள். அது கெடுவது சூட்டில். பழைய கண்டன்சரின் ஒயரைக் கழற்றிவிட்டு, நல்ல கண்டன்சரின் உடம்பை எஞ்சினில் எர்த் செய்து, அதன் ஒயரைப் பாயிண்ட் முனையில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். பழையதைக் கழற்றாமல் பக்கத்தில் சேர்த்தால், அது ஷார்ட்டாகியிருக்கும் பட்சத்தில் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

காயிலைச் சந்தேகித்தால் வண்டி சூட்டில் நின்றவுடன் ஈரத்துணியைப் பிழிந்து காயிலின் உடம்பைச் சுற்றுங்கள். ஹெச்டி ஒயர் வரும் பக்கம் ஈரம் படக்கூடாது. இரண்டு நிமிடத்தில் ஸ்பார்க் திரும்பினால் காயில்தான். வீட்டில் இதற்கு மறுதலையாகச் செய்யலாம்: எஞ்சினை ஓடவிட்டு, டிரையரால் காயிலை மட்டும் கை பொறுக்காத சூடு வரும்வரை காட்டுங்கள், பிறகு கண்டன்சரை மட்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் சூடாக்கினால் ஒன்றும் தெரியாது.

பாயிண்டின் இடைவெளி முழுக்கத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. அளந்த பிறகு பாயிண்டைத் திறக்கும் கேம் ஷாஃப்டை விரலால் பக்கவாட்டில் தள்ளி மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி மாறினால் அந்த ஷாஃப்ட் சுழலும் புஷ் தேய்ந்திருக்கிறது. வேகத்துக்கு வேகம் இடைவெளி ஆடும். எத்தனை பாயிண்ட் செட் வாங்கினாலும் மிஸ்ஸிங் போகாது. பாயிண்ட் முகத்தை எமரித் தாளால் தேய்த்தால், தேய்த்தபின் பெட்ரோலில் நனைத்த தடித்த காகிதத்தை நடுவில் விட்டு இழுத்து, தூளை எடுத்துவிடுங்கள். கேமில் கிரீஸ் மிளகளவு போதும். அதிகம் வைத்தால் சூட்டில் தெறித்துப் பாயிண்ட் முகத்துக்குத்தான் போகும்.

மழை நாளில் மட்டும் வந்தால் இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பிளக் கேப், ஹெச்டி ஒயர் மீது தண்ணீரைத் தெளியுங்கள். நீலக் கீற்று ஊரும் இடம் கண்ணுக்கே தெரியும். தடை உள்ள பிளக் கேப் பெரும்பாலும் 5 கிலோ ஓம். மீட்டரில் எண் நிற்காமல் அலைந்தால் தூக்கிப் போடுங்கள். ஒயர் முனையில் 5 மி.மீ. வெட்டிவிட்டுப் புதுக் கேப்பைத் திருகுங்கள்.

எர்த்: பெயிண்ட் அடித்த வண்டியின் சாபம்

புதுப்பித்து ஃப்ரேமுக்கு பவுடர் கோட்டிங் அடித்த வண்டிகளில் வந்து போகும் கோளாறுக்கு முதல் காரணம் இதுதான். அழகான தடித்த பெயிண்டின் மேல் எர்த் லக்கை (ஒயர் முனையின் உலோக வளையம்) முடுக்கியிருப்பார்கள். மின்சாரம் போல்ட்டின் மரை வழியாக எப்படியோ போய்க்கொண்டிருக்கும், துரு ஏறும்வரை. லக் உட்காரும் வட்டத்தில் பெயிண்டை உலோகம் மின்னும்வரை சுரண்டி, முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். அத்தோடு பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினின் ஒரு போல்ட்டுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் ஒன்றைத் தனியாக இழுத்துவிடுங்கள். ஹெட்லைட் ஓட்டுக்கும் ஒரு எர்த் ஒயர் வேண்டும். ஃபோர்க் கழுத்தின் பேரிங் குண்டுகள் வழியாக மின்சாரம் வரும் என்று நம்பினால் ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டர் மங்கும்.

ஃப்யூஸ் எப்போதாவது போவது

மாதம் ஒரு முறை ஃப்யூஸ் போகிறது, காரணம் தெரியவில்லை என்றால் பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள். ஃப்யூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 21 வாட் பல்பை மாட்டுங்கள். நேர் ஷார்ட் ஆனாலும் பல்பு 2 ஆம்பியருக்கு மேல் விடாது, ஒயர் கருகாது. காயிலுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, லைட்டுகளை அணைத்து, சாவியைப் போடுங்கள். பல்பு எரியக்கூடாது. இப்போது ஒயர்க் கட்டை ஒவ்வொரு இடமாக அசையுங்கள்: ஃபோர்க் கழுத்து, டேங்குக்கு அடியில் கிளாம்ப் இருக்கும் இடம், பேட்டரிப் பெட்டியின் விளிம்பு, சீட்டுக்குக் கீழே மட்கார்டு போல்ட், டெயில் லைட்டுக்குப் போகும் ஒயர் டயரை உரசும் இடம். பல்பு பளிச்சென்று எரிந்தால் கை இருக்கும் இடத்திலேயே நிறுத்துங்கள். பிரேக் சுவிட்ச், ஹாரன் எல்லாவற்றையும் இயக்கியும் பாருங்கள். அவை வேலை செய்யும்போது பல்பு மங்கலாக எரிவது சகஜம், முழுப் பிரகாசம்தான் ஷார்ட்.

சார்ஜிங்

நடுத்தர வேகத்தில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர், அல்லது அதன் எர்த். பல்புகள் கொத்தாகப் போய்க்கொண்டிருந்தால், ஓடும்போது பேட்டரி இணைப்பு அவ்வப்போது விடுகிறதா என்று பாருங்கள். பேட்டரி இல்லாத நொடியில் ஆல்டர்நேட்டரின் வோல்டேஜ் எகிறும். ஆல்டர்நேட்டரின் சுழலாத பாகமான ஸ்டேட்டரின் ஒயர் செயின் கேஸை விட்டு வெளிவரும் ரப்பர் புஷ்ஷில் எண்ணெயில் ஊறிக் கட்டிதட்டியிருக்கும். அங்கே வளைத்துப் பாருங்கள்.

சரிசெய்யும்போது

முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அடுத்த கோளாறின் விதை. ஒயர் முனையை வெட்டி, உள்ளே செம்பு கறுக்காமல் பளபளக்கும் இடம்வரை உரியுங்கள். லக்கைக் கிரிம்ப் செய்து (பிளையரால் நசுக்கிப் பிடிக்கவைத்து) ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ஈயம் பற்றவைத்தால் ஈயம் முடியும் இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும். அந்த இடத்தை ஸ்லீவாலோ கிளாம்பாலோ தாங்க வேண்டும். ஒயருக்கு ஒயர் சேரும் உருளைக் கனெக்டர்களை (புல்லட்டுக்குள் புல்லட் கனெக்டர்!) உருவி, களிம்பைச் சுரண்டி, தளர்ந்த குழலைப் பிளையரால் லேசாக அமுக்கி, சிலிகான் கிரீஸ் வைத்து மூடுங்கள். கடலோர ஊர் வண்டியில் இதை வருடா வருடம் ஐப்பசிக்கு முன் செய்வது நல்லது. ஃபோர்க் கழுத்தில் ஹேண்டில் முழுக்கத் திரும்பியும் ஒயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கோளாறை எழுப்பிய அதே வழியில் மறுபடி எழுப்பிப் பாருங்கள். டிரையரில் வந்ததென்றால் டிரையரிலேயே, இடப்பக்கத் திருப்பத்தில் வந்ததென்றால் மீட்டரை மாட்டி அதே திருப்பத்திலேயே. டேங்கையும் ஹெட்லைட்டையும் மூடுவது அதற்குப் பிறகுதான்.